எஸ்கேப் ராம்ப்: பிரேக் போன லாரியைச் சரளை எப்படி நிறுத்துது? நம்ம பக்கத்து மலைப்பாதைக்கு இது வருமா?

பரவை லோடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வண்டி பரவை மார்க்கெட்ல காய்கறி ஏத்திக்கிட்டு தேனி, குமுளி வழியா கோட்டயம் பக்கம் போகுது. குமுளி வரைக்கும் ஏத்தம், அதுல எனக்குப் பயமில்ல. குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயம் இறங்கி முடிச்சாச்சுன்னு டிரைவர் போன் போடுற வரைக்கும்தான் இங்க உசுரு கையில இருக்கு. லோடோட இறங்குறது அங்கதான்.

வெளிநாட்டு வீடியோ ஒண்ணு பாத்தேன். இறக்கத்துல பிரேக் இல்லாம வர்ற கனரக லாரி, ரோட்டோரமா பிரியுற சரளைத் தடத்துக்குள்ள பாயுது. அதுக்குப் பேருதான் எஸ்கேப் ராம்ப்பாம். சக்கரம் புதைஞ்சு கொஞ்ச தூரத்துலயே நின்னுருது. டிரைவர் கதவத் திறந்து இறங்கி நடந்து வர்றாரு.

அது எப்படி நிக்குது? கவுராதா? எம்புட்டு நீளம் வேணும்? நம்ம ஊர்ல ஜல்லிக்கா பஞ்சம், ரெண்டு லோடு ஜல்லியக் கொட்டி இதச் செய்ய முடியாதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சாலைக்கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி அண்ணே. நான் சாலை வடிவமைப்பு வேலையில இருக்கேன், சொந்த ஊர் திருமங்கலம். விளக்கமாவே எழுதுறேன்.

ஓடுற வண்டிக்குள்ள இருக்குற ஆற்றல எங்கயாவது இறக்கி வைக்கணும். பிரேக் அத வெப்பமா மாத்தும். பிரேக் போயிட்டா ரெண்டு வழிதான் மிச்சம். ஒண்ணு, மேட்டுல ஏத்தி வேகத்தக் குறைக்கிறது. இன்னொண்ணு, சக்கரம் உருள முடியாத தரையில விடுறது. நல்லா அமைஞ்ச ராம்ப்ல இந்த ரெண்டும் சேர்ந்தே இருக்கும்.

வைகை மணல்ல சைக்கிள் ஓட்டிப் பாத்தவங்களுக்கு ரெண்டாவது வழி சட்டுன்னு புரியும். சக்கரம் ஒவ்வொரு அடியும் முன்னால கிடக்குற கல்லத் தள்ளி, ஒதுக்கி, அமுக்கித்தான் நகர முடியும். அந்த வேலைக்கே ஆற்றல் கரைஞ்சிரும். இதுக்கு உருள் தடைன்னு பேரு. கெட்டியான தார் ரோட்டுல வண்டி எடையில நூத்துல 1 பங்கு சொச்சம்தான் தடை, கணக்குல 0.012ன்னு எடுப்போம். ஒரே அளவுல இருக்குற உருண்டைக் கூழாங்கல் படுகையில அது 0.25, அதாவது எடையில கால் பங்கு. தட்டையாக் கிடந்தாலும் அந்தப் படுகை, 100 மீட்டருக்கு 25 மீட்டர் ஏறுற மேட்டுக்குச் சமம்.

நீளத்துக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. வேகத்த (மணிக்கு கி.மீ.) அதாலயே பெருக்குங்க. தடையையும் ஏத்தத்தையும் கூட்டி 254ஆல பெருக்குங்க. முதல் எண்ண ரெண்டாவதால வகுத்தா மீட்டர்ல நீளம் வந்துரும். 80 கி.மீ. வேகம், தட்டையான கூழாங்கல் படுகைன்னா சுமார் 100 மீட்டர். 100 கி.மீ. வேகம், படுகையே 10 சதவீதம் ஏறுதுன்னா சுமார் 113 மீட்டர். அதே 80 கி.மீ. வண்டிய வெறும் தார் ரோட்டுல, சமதளத்துல, பிரேக் இல்லாம விட்டா? 2 கிலோமீட்டர் தாண்டி ஓடும்.

இந்தச் சூத்திரத்துல வண்டியோட எடையே வரல பாருங்க. 10 டன்னோ 28 டன்னோ, வேகம் ஒண்ணுன்னா நீளமும் ஏறத்தாழ ஒண்ணுதான்.

கவுராதான்னு கேட்டீங்க. நேரா உள்ள போனா கவுராது. அதனாலதான் ராம்ப்போட வாய் ரோட்டுலருந்து ரொம்பக் குறைஞ்ச கோணத்துல, கிட்டத்தட்ட நேர்கோடா பிரியும். படுகை ஆழம் எடுத்ததுமே முழுசா இருக்காது. வாயில 7, 8 செ.மீ.ல தொடங்கி 30 மீட்டர், அதுக்கும் மேல போய்த்தான் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். வாயிலயே ஒரு மீட்டர் வச்சா முன் சக்கரம் ஒரேயடியாப் புதைஞ்சு, பின்னால இருக்குற லோடு கேபினுக்குள்ள வந்துரும்.

---

சாலைக்கணக்கு தொடர்ந்தது:

ஜல்லியப் பத்தித் தனியாச் சொல்லணும். இந்த விஷயத்தோட உசுரே அதுலதான் இருக்கு.

குவாரி ஜல்லி உடைச்ச கல்லு. ஒவ்வொண்ணும் முனை முனையா இருக்கும். கொட்டி வச்சா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும், மேல பாரம் ஏறுனா இன்னும் இறுகும். ரோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் அதப் போடுறதே அப்படி இறுகணும்னுதான். இங்க நமக்கு வேண்டியது நேர்மாறு. சக்கரம் பட்டதும் கல்லு விலகி ஓடணும். உடைச்ச ஜல்லியத் தளர்வாப் போட்டாலும் தடை 0.05 தான். மேல சொன்ன 80 கி.மீ. கணக்குல போட்டுப் பாருங்க: கூழாங்கல்லுக்கு 100 மீட்டர், ஜல்லிக்கு 500 மீட்டர். பாக்குறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி கல்லுப் படுகைதான், ஆனா ஜல்லிய நம்பி உள்ள விட்ட வண்டி 100 மீட்டர் முடியுற இடத்துலயும் 70 கி.மீ. வேகத்துக்கு மேல போய்க்கிட்டிருக்கும்.

மணல் 0.15. பரவாயில்லன்னு தோணும், ஆனா மழைல நனைஞ்சு காய்ஞ்சா இறுகிரும். பழைய காலத்துல மணல் மேடு கட்டி நிறுத்துனாங்க. அதுல மோதுற மோதலே ஆளக் காயப்படுத்தும்.

---

உசிலை பட்டறை எழுதியது:

தம்பி கணக்கு நல்லாச் சொல்லியிருக்காப்ல. நான் பிரேக் வேலை பாக்குறவன், பிரேக் ஏன் போகுதுன்னு சொல்றேன். அது தெரியாம ராம்ப் மட்டும் பேசிப் பிரயோசனம் இல்ல.

"பிரேக் ஃபெயிலியர்"னு பேப்பர்ல ஒத்த வரில போட்டுருவாய்ங்க. டிரம்ம, அதாவது சக்கரத்தோட சேந்து சுத்துற இரும்பு உருளையக் கழட்டிப் பாத்தா கதை வேற. அதுல உரசிப் பிடிக்கிற பட்டைதான் லைனர், அது மேல பளபளன்னு மெருகேறிக் கிடக்கும், நகத்த வச்சுக் கீறுனாலும் கீறாது. டிரம்முக்கு உள் பக்கம் நீலம் பாஞ்சிருக்கும், முடி அகலத்துக்குச் சின்னச் சின்ன வெடிப்பு ஓடியிருக்கும். அந்த வண்டியில ஒரு பாகமும் உடைஞ்சிருக்காது. எல்லாம் சூடு.

சூடானா டிரம் விரியும், லைனர விட்டு வெளிய தள்ளிப் போகும். லாரியில ஏர் பிரேக். காத்தடைச்ச பிரேக் சேம்பர்ல இருக்குற கம்பி அப்ப இன்னும் அதிக தூரம் தள்ளுனாத்தான் லைனர் போய்த் தொடும். அந்த இடைவெளியச் சரிபண்ணி வைக்கிற ஸ்லாக் அட்ஜஸ்டர் ஏற்கனவே லூசா இருந்துச்சுன்னா கம்பியோட ஓட்டமே தீந்து போகும். பெடல் மிதி இருக்கும், கேஜ்ல ஏர் இருக்கும், பிடி இருக்காது. உடனே டிரைவர் பயத்துல பெடல அடி அடின்னு அடிப்பாரு, டேங்க் ஏரும் இறங்கிரும்.

வேன், கார்ல ஆயில் பிரேக். அங்க ஆயில் கொதிச்சுரும். டாட் 3ங்கிற ரக பிரேக் ஆயில் புதுசுன்னா 205 டிகிரி வரைக்கும் தாங்கும், ஈரம் இழுத்த பழைய ஆயில் 140லயே கொதிக்கும். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி நிக்கும், பெடல் பஞ்சு கணக்கா உள்ள போயிரும். "பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு சொல்ற டூரிஸ்ட் வேன்காரங்கள்ட்ட நான் கேக்குற முதல் கேள்வி, ஆயில் எப்ப மாத்துனீங்கன்னுதான்.

---

மேலமாசி ஆசிரியை எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்ன சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இயற்பியல் பாடம் எடுப்பவள், அதனால் கை சும்மா இருக்கவில்லை.

இரண்டு அச்சு லாரிக்கு 2018க்குப் பிறகு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 18.5 டன். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் குறைகிறது. அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 181 மெகாஜூல். மின்சாரக் கணக்கில் 50 யூனிட். இது முழுவதும் நான்கு டிரம்களுக்குள் போகிறது, ஒரு டிரம் 50 கிலோ, வெப்பம் வெளியேறவே இல்லை என்று வைத்துக்கொண்டால் டிரம்மின் வெப்பநிலை 1,900 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். வார்ப்பிரும்பு அதற்கு வெகு முன்பே உருகிவிடும். உண்மையில் காற்று வெப்பத்தை எடுத்துப் போவதால்தான் வண்டிகள் தப்பிக்கின்றன. காற்றுக்கு அந்த நேரத்தைக் கொடுக்காமல் இறங்கினால் தப்பிக்க வழியில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 6 சதவீதச் சரிவில் 30 கி.மீ. வேகத்தில் இறங்கும் அந்த லாரியைப் பிடித்து வைக்க சுமார் 120 குதிரைத்திறன் அளவுக்கு எதிர்ப்பு தேவை. 60 கி.மீ. வேகத்தில் 240. வேகம் இரட்டித்தால் டிரம்முக்குள் வெப்பம் சேரும் வேகமும் இரட்டிக்கிறது.

---

லோயர்கேம்ப் எழுதியது:

டீச்சரம்மா போட்ட கணக்கத்தான் எங்க குருநாதர் ஒரே வரில சொல்வாரு: ஏறுன கியர்லயே எறங்கு.

நான் கம்பம் பள்ளத்தாக்குல லாரி ஓட்டி ஓஞ்சவன். அந்த 120 குதிரை எதிர்ப்ப இன்ஜின்ட்ட குடுத்துட்டா டிரம்முக்கு வேலையே கொஞ்சம்தான். மூணாவது கியர், எக்ஸாஸ்ட் பிரேக் போட்டா சைலன்சர் வழி அடைபட்டு இன்ஜினே வண்டியப் பின்னுக்கு இழுக்கும். ஆனா கியர் எறக்கத்துக்கு முன்னாடியே மாட்டியிருக்கணும். பாதி எறக்கத்துல வேகம் ஏறுன பெறகு கியரக் கொறைக்கப் பாத்தா பல்லு விழாது, நியூட்ரல்ல மாட்டிக்கும். அதோட கதை முடிஞ்சது. டீசல் மிச்சம்னு சொல்லி வேணும்னே நியூட்ரல்ல எறக்குற பயலுகளும் இருக்காய்ங்க. அவிங்க வண்டியில நான் ஏறமாட்டேன்.

ராம்ப் கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா குமுளி மலையிலயும் போடி மெட்டுலயும் அத எங்கிட்டு வைப்பீங்க? போடி மெட்டுல மட்டும் 17 கொண்டை ஊசி. நேரா நூறு மீட்டர் எடம் எங்க இருக்கு?

---

சாலைக்கணக்கு எழுதியது:

ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி.

இந்திய சாலைகள் காங்கிரஸ்னு ரோடு வடிவமைப்புக்கு விதி வகுக்குற அமைப்பு இருக்கு, அதோட விதிப்படி கொண்டை ஊசியோட வடிவமைப்பு வேகம் 20 கி.மீ., உள் ஆரம் குறைஞ்சது 14 மீட்டர். லோடு லாரி அதுல 30 கி.மீ.க்கு மேல திரும்புனாலே சாயத் தொடங்கும். பிரேக் போன வண்டி 6 சதவீத இறக்கத்துல 40ல இருந்து அரை கிலோமீட்டருக்குள்ள 90ஐ நெருங்கிரும். ஆகவே நெருக்கமான கொண்டை ஊசிப் பாதையில வண்டி அந்த வேகத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அடுத்த வளைவுல விழுந்துரும். இறக்கத்து அடியில பெரிய ராம்ப் கட்டுனா அங்க வந்து சேர வண்டி இருக்காது.

ஆனா அதனால ஒண்ணுமே செய்ய முடியாதுன்னு விட வேண்டியதில்ல. வேகம் குறைவுன்னா படுகையும் சின்னதாப் போதும். 50 கி.மீ. வேகத்துக்குக் கூழாங்கல்லுல 40 மீட்டர்தான், வாயிலருந்து ஆழம் கூடிக்கிட்டே போற பகுதியையும் சேர்த்தா 70 மீட்டர். ரெண்டு வளைவுக்கு நடுவுல கொஞ்சம் நீளமான நேர்பாதை இருந்து, வளைவுக்கு எதிர்ல பள்ளம் இல்லாம மலைச் சரிவு இருக்குற இடங்கள்ல இத வெட்டி அமைக்கலாம். எந்தெந்த வளைவுன்னு அளந்துதான் சொல்லணும், போட்டோவ வச்சுச் சொல்லக் கூடாது.

முழு நீள ராம்ப்புக்கு ஏத்தது கொண்டை ஊசி இல்லாம நீளமா இறங்குற அகல ரோடு. பெங்களூர்லருந்து மதுரை வர்ற எல்லா லாரியும் தர்மபுரி தாண்டி இறங்குற தொப்பூர் கணவாய் அப்படிப்பட்டது. அங்க வண்டிகளுக்கு வேகம் ஏற இடம் இருக்கு, ஏறுன வேகத்துல முன்னால போற வண்டி மேல மோதுறதுதான் திரும்பத் திரும்ப நடக்குது.

இடமே கிடைக்காத ஊர்ல வேற வழியும் பாத்திருக்காங்க. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம் ஏவன் மலையில, 2005ல நடந்த விபத்துக்குப் பிறகு, சரளைக்குப் பதிலா வரிசையா உலோக வலைகளக் கட்டியிருக்காங்க. லாரி ஒவ்வொரு வலையா இழுத்துக்கிட்டுப் போய் நிக்கும். விமான நிலைய ஓடுபாதை முடிவுலயும் இதே தத்துவம்தான், நொறுங்குற காங்கிரீட் கட்டிகள்ல சக்கரம் புதையும். நியூயார்க் கென்னடி விமான நிலையத்துல 1999ல ஒரு பயணிகள் விமானத்த அது நிறுத்திக் காட்டுச்சு.

---

வத்தலக்குண்டு வாசி எழுதியது:

கொடைக்கானல் ரோட்டையும் சேத்துப் பேசுங்கப்பா. 1,800 மீட்டர் உயரம் இறங்குற பாதை. சீசன்ல டம்டம் பாறை தாண்டி வர்ற வேன்கள்ல சக்கரத்துலருந்து கருகுன வாடை எங்க வரைக்கும் அடிக்கும். மலைய ஓட்டிப் பழகாத டிரைவருக ராத்திரி முழுக்க முழிச்சு மேல போய், சாயங்காலம் அவசரமா இறங்குறாங்க.

எனக்கு இன்னொரு கவலை. இந்தப் படுகையக் கட்டுனாலும் நாலு மாசத்துல அதுல வண்டிய நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. மூணு கடை வந்துரும். மழைக்கு மலைமண்ணு சரிஞ்சு மூடிரும். அப்புறம் அந்த ராம்ப் யாரக் காப்பாத்தும்?

---

சாலைக்கணக்கு எழுதியது:

அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. ராம்ப் கட்டுறது ஒரு நாள் செலவு, பராமரிப்பு ஆயுசுக்கும். கல்லுக்கு நடுவுல இருக்குற இடைவெளியில மண்ணு போய் அடைஞ்சா படுகை இறுகி வெறும் ரோடாயிரும். அடியில வடிகால் கட்டாயம் வேணும். அப்பப்ப கிளறி விடணும். ஒவ்வொரு வண்டி இறங்குன பிறகும் தடத்த மூடிச் சமப்படுத்தணும். பக்கத்துலயே மீட்பு வண்டி நிக்கக் கெட்டியான சின்னத் தடமும், கயிறு மாட்ட காங்கிரீட் நங்கூரமும் இருக்கணும். ஏன்னா அச்சு வரைக்கும் புதைஞ்ச லாரி தானா வெளிய வராது. வாயில சிவப்பும் வெள்ளையுமா கட்டம் போட்டு, இங்க வண்டி நிறுத்தக் கூடாதுன்னு எழுதி, காவல்துறை அதக் கண்டிப்பாப் பாக்கணும். இதெல்லாம் செய்ய முடியாதுன்னா கட்டாம இருக்குறதே மேல். அடைஞ்சு போன படுகைய நம்பி உள்ள விடுற டிரைவர் ஏமாந்து போவாரு.

இன்னொரு தடங்கல், உருண்டைக் கல்லு எங்க கிடைக்கும்ங்கிறது. ஆத்துலருந்து அள்ளச் சொல்ல எனக்கு மனசு வராது, வைகை பட்டது போதும். பிரிட்டன்ல அனல்மின் நிலையச் சாம்பல உருட்டிச் சுட்ட உருண்டைகளப் படுகைக்குப் பயன்படுத்தியிருக்காங்க. தூத்துக்குடியில சாம்பல் மலையாக் கிடக்குது. யாராவது கல்லூரிப் பிள்ளைங்க இத ஆய்வா எடுத்துச் செஞ்சு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

---

மேலமாசி ஆசிரியை எழுதியது:

ஓட்டுநர் உள்ளே விடுவாரா என்பதையும் யாராவது பேச வேண்டும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலராடோவில், மலையிலிருந்து இறங்கிய ஒரு லாரி பிரேக் இல்லாமல் வந்து, வழியில் இருந்த ராம்ப்பைக் கடந்து போய், கீழே போக்குவரத்தில் நின்றிருந்த வண்டிகள் மேல் மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். ராம்ப் அங்கே இருந்தது. அதற்குள் திரும்பும் முடிவை எடுக்க அந்த ஓட்டுநருக்குக் கிடைத்தது சில நொடிகள். அந்த நொடிகளில் "வண்டி போச்சே, முதலாளி என்ன சொல்வார்" என்ற நினைப்பு ஒரு ஓட்டுநருக்கு வந்தால் போதும், ராம்ப் பின்னால் போய்விடும்.

---

பரவை லோடு எழுதியது:

டீச்சர் சொன்னதப் படிச்சதும் எங்க டிரைவருக்குப் போன் போட்டேன். வண்டி, காய் எல்லாம் போனாலும் போகட்டும், நீ எறங்கி வந்தாப் போதும்னு சொன்னேன். இத்தன வருசத்துல இத நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லைன்னு அவர் சொன்னாரு. இனி மார்க்கெட்டுக்கு ஒரு மணி நேரம் முந்தியே லோடு ஏத்தி விடப் போறேன், அங்க போய் அவசரப்பட வேணாம்.

லோயர்கேம்ப் ஐயா, ராம்ப் இல்லாத ரோட்டுல, கியரும் விழல, பிரேக்கும் இல்லைன்னா டிரைவர் என்னதான் செய்யணும்? நீங்களே சொல்லுங்க.

---

லோயர்கேம்ப் எழுதியது:

மொதல்ல, அந்த நெலைக்கு வராம இருக்க: எறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடி குட்டிக்கானத்துல வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. ஏர் கேஜ் பாக்கணும், ஒவ்வொரு டிரம் கிட்டயும் கையக் கொண்டு போய்ச் சூடு பாக்கணும், தொட வேணாம். ஒரு சக்கரம் மட்டும் மத்ததவிடக் கொதிச்சா அங்க லைனர் உரசுது. ஒண்ணு மட்டும் ஜில்லுன்னு இருந்தா அந்தச் சக்கரத்துல பிரேக்கே புடிக்கல, மத்த மூணும் அதோட பாரத்தையும் சொமக்குது. அதச் சரி பண்ணாம எறங்கக் கூடாது. நடுவழியில வாடை வந்தா ஒதுக்கி நிப்பாட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஆற விடணும். சூட்டுல தண்ணி ஊத்தக் கூடாது, டிரம் வெடிச்சுரும்.

அப்படியும் போயிருச்சுன்னா பெடல அடிக்காதீங்க, இருக்குற ஏர் வீணாப் போகும். லைட்டப் போட்டு ஹாரன விடாம அடிக்கணும். எடப்பக்கம் மலை இருந்தா வேகம் ஏறுறதுக்கு முன்னாடியே எடது சக்கரத்த ரோட்டோர வடிகால்ல எறக்கி, பாடியப் பாறையில ஒரசவிட்டு நிப்பாட்டணும். ஒரசுறது பக்கவாட்டுலதான் இருக்கணும், மூஞ்சி முட்டக் கூடாது. மலை வலப்பக்கமா இருந்தா எதிர்ல வண்டி வரும், அங்கிட்டுப் போறது கண்ணு முன்னால ரோடு காலியாத் தெரிஞ்சா மட்டும்தான். மண்ணு மேடு, ரோட்டு வேலைக்குக் குமிச்ச மணல், புதர் அடர்ந்த எடம் எது மொதல்ல வருதோ அதுல விட்டுரணும். அடுத்த வளைவுல பாத்துக்கலாம்னு ஒருநாளும் நெனைக்கக் கூடாது, அங்க இன்னும் பத்து கிலோமீட்டர் வேகம் கூடியிருக்கும்.

கிளீனர் பையனையும் ஒக்கார வச்சு இதச் சொல்லுங்க. அவன் குதிக்கப் பாப்பான். குதிச்சா பின் சக்கரத்துக்கு அடியிலதான் போவான். பெல்ட்டப் போட்டுக்கிட்டு உள்ளயே இருக்கச் சொல்லுங்க.